தொட்டவோடு ஒரு வீடு

சந்திரகாந்தா குளித்த கதையைச் சொன்னால் போதும், அவள் வாழ்ந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்தது ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அங்கே லயம் என்கிற வரிசை வீடுகளுக்கு ஒரு பீலி. மலையிலிருந்து குழாய் வழியே விழும் தண்ணீருக்கு அடியில் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் லயமே திரண்டு நிற்கும். விடிந்தும் விடியாத நேரம். பெரட்டு என்கிற காலைக் கணக்கெடுப்பில் பேர் கொடுக்கப் போக வேண்டிய பெண்கள் வாளியும் துண்டுமாக நின்று நடுங்கிக்கொண்டு கேட்பார்கள்: “ஏய் காந்தா, முடிச்சிட்டியா?” அவள் தலையில் தண்ணீரே விழுந்திருக்காது. ஆனாலும் பதில் தயாராக இருக்கும்: “இந்தா, முடிச்சிட்டேன்க்கா!” கல்யாணத்தன்று காலையில்கூட, பூசிய மஞ்சள் முகத்தில் ஒட்டுவதற்குள் பின்னால் ஆள் வந்து நின்றது. வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் அக்காதான்.

மாப்பிள்ளை மாடசாமி லொறி ஓட்டுகிறவன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மாத்தளை டவுனுக்கு வந்து, நஸ்மியா என்கிற முஸ்லிம் அம்மாவின் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்குக் குடியேறினாள். அங்கேயே ஒரு தையல் மிஷினைப் போட்டு ஸ்கூல் யூனிபோம் தைத்தாள். நஸ்மியா தங்கமான மனுஷி. நோன்புக் கஞ்சியும் பெருநாள் வட்டிலப்பமும் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. ஆனால் அந்த வீட்டு டேங்க் சின்னது, டவுனில் தண்ணீர் வருவதோ ஒருநாள் விட்டு ஒருநாள். உள்ளே காந்தா சவர்க்காரத்தைக் கையில் எடுத்ததுமே வெளியே குரல் கேட்கும்: “காந்தா, முடிச்சிட்டீங்களா புள்ள? டேங்க் காலியாகப் போகுது.” இவளும், “இந்தா, முடிச்சிட்டேன் தாத்தா!” என்பாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். இப்படியே இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வெளிநாடு போய், பணம் அனுப்பும் அளவுக்கு வந்துவிட்டார்கள். காந்தா மட்டும் இன்னும் நுரை காதில் இருக்கும்போதே துவட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

அதனால், “வயசான காலத்துல எங்க போயி இருப்போம்?” என்று மாடசாமி கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

“ஆத்தோரமா ஒரு வீடு. யாரும் கதவைத் தட்டாம நான் ஒருநாள் குளிக்கணும்.”

“இதுக்கா வீடு? ரூமுக்கு உள்பக்கமா ஒரு பூட்டு போட்டா போதாதா?”

“நீ ஒரு நாளாவது பொம்பளையா பீலியில நின்னிருக்கியா? பேசாம இரு.”

மாடசாமி பேசாமல் இருந்தான். முப்பது வருஷ இல்லறத்தில் அவன் நன்றாகக் கற்ற வித்தை அது ஒன்றுதான்.

பியதிலக என்ற புரோக்கர் தையல் கடைக்கு வந்தான். இங்கேதான் விதி விளையாடியது. விதி என்று சொல்வதுகூடத் தப்பு, மரியாதைதான் விளையாடியது. பியதிலகவுக்குத் தன் தமிழைப் பற்றிப் பெருமை. தோட்டத்துக் கடைகளில் பழகிய தமிழ். காந்தாவுக்கோ தன் சிங்களத்தைப் பற்றிப் பெருமை. யூனிபோம் தைக்க வந்த தாய்மாரிடம் பழகிய சிங்களம். அவன் சிங்களத்திலும் இவள் தமிழிலும் பேசியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஒருவருக்கொருவர் மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று அவன் தமிழில் ஆரம்பித்தான்.

“அக்கா, ரிவர்ஸ்டன் தாண்டி, லக்கல போற ரோட்டு. ரொம்ப லஸ்ஸன வீடு. முன்னுக்கு கங்க. வீட்டோட தொட்டவும் இருக்கி.”

லஸ்ஸன என்றால் அழகு, கங்க என்றால் ஆறு, அதெல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டோடு தோட்டமும் இருக்கிறது! காந்தாவின் காதில் விழுந்தது அதுதான். பாவம், சிங்களவன் வாய்க்குத் தோட்டம் என்பது தொட்டவாக வருகிறது என்று நினைத்து, பெரிய மனதுடன் மன்னித்துக்கொண்டாள். சிங்களத்தில் ‘தொட்ட’ என்றால் ஆற்றில் ஊர்கூடிக் குளிக்கும் துறை. அது அவளுக்கு எப்படித் தெரியும்? தையல் கடைக்கு வருகிறவர்கள் கழுத்து இறக்கத்தையும் கை நீளத்தையும் பற்றிப் பேசுவார்களே தவிர, எங்கே குளிக்கிறோம் என்றா சொல்வார்கள்!

“பெருசா இருக்குமா?” என்று தன் சிங்களத்தில் கேட்டாள்.

“ஐயோ, ஊருக்கே பெரிய தொட்ட அக்கா! அப்பா, சீயா காலத்துல இருந்து இருக்கி. யாரைக் கேட்டாலும் தெரியும்.”

தாத்தா காலத்துத் தோட்டம்! அவள் மனதில் மா, பலா, மிளகுக் கொடி எல்லாம் ஒரே நொடியில் காய்த்துத் தொங்கின. வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அப்படி ஒரு தோட்டம் அடர்ந்து நின்றால், தான் குளிப்பதை ஒரு காக்காகூடப் பார்க்காது என்று கணக்குப் போட்டாள்.

வீடு பார்க்கப் போன அன்று பார்த்து அடைமழை. ஆறு செம்மண் நிறத்தில் குதித்து ஓடியது, கரையில் ஈ காக்கா இல்லை. “தோட்டம் எங்க?” என்றதற்குப் பியதிலக குடைக்குள்ளிருந்து கையை நீட்டி, “அந்தா, கீழ!” என்றான். கீழே கும்புக் என்கிற மருத மரங்கள் கரையோரம் கூட்டமாக நின்றன. சரி, பழ மரமில்லை, ஆனாலும் நிழல் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வீட்டின் பக்கமாக ஒரு ஒற்றையடிப் பாதை ஆற்றுக்கு இறங்கியது. யாரோ நமக்காகவே போட்டு வைத்த மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

குடிவந்து பால் காய்ச்சிய மறுநாள், வானம் வெளுத்திருந்தது. வீட்டுக்குள் குளியலறை இருந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது. “ஆத்தோரத்துல வீட்டை வாங்கிட்டு வாளியில குளிக்கவா வந்தேன்?” என்று கேட்டுவிட்டு, புதுச் சவர்க்காரமும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு, மார்புக்கு மேல் குறுக்குக்கட்டு கட்டி, மேலே ஒரு துவாயைப் போர்த்தியபடி பாதையில் இறங்கினாள். மரங்களைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

ஊரே தண்ணீரில் கிடந்தது. பெண்கள் ஒரு பக்கம் துணி அடித்துக்கொண்டும், ஆண்கள் சற்றுத் தள்ளிக் கழுத்தளவு நீரில் அரசியல் பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஒருவன் தன் ஆட்டோவை ஆற்றுக்குள் இறக்கி, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு எருமை யாரையும் கவனிக்காமல் படுத்திருந்தது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. எருமைத் தலை மட்டும் திரும்பவில்லை. கல்லில் உட்கார்ந்திருந்த பொடிநோனா என்ற பருத்த பெண் இடம் விட்டு நகர்ந்து, புது வீட்டு அக்காவே வாருங்கள், இது நல்ல கல், இங்கே உட்காருங்கள் என்று சிங்களத்தில் உபசரித்தாள்.

காந்தா வந்த வேகத்தில் திரும்பி ஏறி, போனை எடுத்தாள்.

“யோவ் பியதிலக, தோட்டம் எங்கய்யா?”

“முன்னுக்குத்தானே அக்கா! தெரியல்லயா? எல்லாரும் குளிக்கிறாங்க இல்லியா, அந்த தொட்ட!”

விஷயம் புரிந்ததும் மாடசாமி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு அவன் அன்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்தான். “தோட்டத்த விட்டு ஓடியாந்தவளுக்கு ஆண்டவன் தொட்டய குடுத்திருக்கான்,” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தான், வேறொன்றுமில்லை.

அதற்குப் பிறகு அவள் நேரம் பார்க்க ஆரம்பித்தாள். காலையில் போனால் பெண்கள், மத்தியானம் போனால் வயலிலிருந்து வந்த ஆண்கள், பள்ளி விட்டதும் பிள்ளைகள், பொழுது சாய்ந்தால் மறுபடி பொடிநோனா. பஸ் எப்போதாவது வரும் ஊர் அது. ஒருவருக்கும் எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரமில்லை. எதைக் கேட்டாலும் ‘ஹெமின், ஹெமின்’, அதாவது மெதுவாக, மெதுவாக. இப்படியும் ஒரு ஊர் இருக்குமா! பீலியிலாவது ஒருத்தி போனால் இடம் காலியாகும், இங்கே வந்தவள் எழுந்திருப்பதே இல்லையே என்று காந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாதை நம்ம காணிக்குள்ளதான போகுது? தகரம் அடிச்சு மறைச்சுடு,” என்றாள் புருஷனிடம்.

“வேணாம் காந்தா. வந்து ஒரு மாசம் ஆகல்ல. ஊரோட வம்பு எதுக்கு?”

“இத்தனை வருஷம் ஊருக்கு வழிவிட்டே குளிச்சேன். இப்ப எனக்கு ஊர் வழிவிடட்டும்.”

தகரம் ஏறியது. நடுவில் ஒரு கதவு, கதவில் ஒரு பூட்டு. சண்டைக்கு வருவார்கள் என்று காந்தா அன்றிரவே நல்ல சிங்களத்தில் நாலு சூடான வசனங்களைத் தயார் செய்து வைத்தாள். காலையில் பொடிநோனா வந்தாள். தகரத்தை மேலும் கீழும் பார்த்தாள். காந்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு தயாராக நின்றாள். “கமக் நே அக்கா,” பரவாயில்லை என்று சிரித்துவிட்டு, பொடிநோனா வாளியைத் தூக்கிக்கொண்டு, ரோட்டைச் சுற்றிப் போய், கீழே பாறைகளுக்கிடையில் இறங்கிவிட்டாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே போனார்கள். ஆட்டோக்காரன் ஹார்ன்கூட அடிக்கவில்லை. தயார் செய்த நாலு வசனமும் காந்தாவின் தொண்டையிலேயே நின்று புளித்துப்போயின.

ஆனால் ஆறு அவளுடையதாகிவிட்டது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு, மாடசாமியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பூட்டைத் திறந்து இறங்கினாள். ஒரு மனுஷ முகம் இல்லை. தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. பொடிநோனாவின் நல்ல கல்லில் உட்கார்ந்தாள். முங்கினாள், தேய்த்தாள், முங்கினாள், ஏறிவிட்டாள்.

சமையலறைக்குள் நுழைந்தபோது உலை இன்னும் கொதிக்கவில்லை.

“எதையாச்சும் மறந்திட்டியா?” என்றான் மாடசாமி.

“இல்ல. குளிச்சிட்டேன்.”

“அதுக்குள்ளயா?”

அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள். நுரை காதிலேயே இருந்தது.

மறுநாள் பிடிவாதமாக மெதுவாகக் குளிப்பதென்று போனாள். முடியவில்லை. ஒரு குருவி கத்தினால் திடுக்கென்றது. மரத்திலிருந்து காய் விழுந்தால் யாரோ வந்துவிட்ட மாதிரி இருந்தது. கை தானாகவே சவர்க்காரத்தைப் பரபரவென்று இழுத்தது. வெளியே நின்று அவசரப்படுத்த ஒரு ஆளில்லை, உள்ளே ஒருத்தி நின்றுகொண்டு ஓயாமல் கேட்டாள்: முடிச்சிட்டியா, முடிச்சிட்டியா, முடிச்சிட்டியா? வாங்கிய வீட்டுக்கு முன்னால், ஆசைப்பட்ட ஆற்றுக்கு நடுவில், யாருமில்லாத துறையில் உட்கார்ந்து காந்தா அழுதாள். அழுகையும் சட்டென்று முடிந்துவிட்டது. அதையாவது நிதானமாக அழத் தெரிந்ததா அவளுக்கு!

கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. துணி அடிக்கும் சத்தம், ஏதோ ஊர்ப் புரளி, மறுபடி சிரிப்பு. அவள் வரும் முன்னே போனவர்கள், அவள் சோறு வடித்த பிறகும் அங்கேயே இருந்தார்கள். அங்கே ஒருத்தியும் இன்னொருத்தியைப் பார்த்து முடிச்சிட்டியா என்று கேட்டு அவள் காதில் விழவில்லை. யோசித்துப் பார்த்தால், தன்னையும் இந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யார் அவசரப்படுத்தவில்லையோ அவர்களைப் பார்த்துத்தான் தகரம் அடித்திருக்கிறாள்.

பூட்டைக் கழற்றி, கதவை அகலத் திறந்து, கல்லை முட்டுக் கொடுத்து வைத்தாள். இனி வந்துவிடுவார்கள் என்று வாசலிலேயே நின்றாள். வந்தார்களா? இந்த ஊரா வரும்! பொடிநோனா ரோட்டிலிருந்தே திறந்த கதவைப் பார்த்து, சந்தோஷமாகத் தலையாட்டி, “ஹெமின் என்னம் அக்கா,” ஆறுதலாக வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் புது இடத்துக்கே போனாள். அங்கே இப்போது கல்லெல்லாம் பழகிவிட்டதாம். எருமைகூடப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் ரோஷம் தாங்கவில்லை, ரோஷத்தை விட ஆசை தாங்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைச் சுற்றி, எல்லோரும் போகிற வழியில் தானும் இறங்கினாள். பாறைகளுக்கிடையில் இடம் குறுகல், பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தகரத்தைப் பற்றி ஒருத்தி வாய் திறக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். காந்தாவுக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. வழக்கம்போல் முங்கி, தேய்த்து, முங்கி எழுந்து, “நான் முடிச்சிட்டேன், நீங்க உக்காருங்க,” என்று சிங்களத்தில் சொன்னாள்.

பொடிநோனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள்.

“எங்கே போகப் போகிறீர்கள் அக்கா? பஸ்ஸும் இல்லையே இன்றைக்கு!” என்று சிங்களத்தில் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே காந்தாவின் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள். “முதுகு அப்படியே இருக்கிறது, பாருங்கள்!”

தேங்காய்த் தும்பை நனைத்து, கழுத்திலிருந்து இடுப்புவரை அவள் தேய்க்க ஆரம்பித்தாள். கை எட்டாத அந்த இடத்தைக் காந்தா இத்தனை வயதுக்கு ஒருநாளும் தேய்த்ததில்லை. பீலியில் யாருக்கு நேரம் இருந்தது, யார் யாருக்குத் தேய்த்துவிட! பொடிநோனா தேய்த்துக்கொண்டே மருமகளைப் பற்றிக் குறை சொன்னாள், யட்டவத்தைச் சந்தையில் மிளகு விலையைச் சொன்னாள், மறுபடி மருமகளுக்கு வந்தாள். வெயில் பாறையில் ஏறியது. காந்தாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு அவள் திரும்பி உட்கார்ந்து, பொடிநோனாவின் அகன்ற முதுகைத் தேய்த்தாள். அது ஒருநாளில் முடியும் காரியமில்லை.

மேலே ரோட்டோரத்தில் மாடசாமி வந்து நின்றான். பசி அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வாய்க்குக் கை குவித்து அவன் கத்தினான்:

“காந்தா! முடிச்சிட்டியா?”

அவள் வாய் பழக்கத்தில் திறந்தது. ‘இந்தா’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காந்தா அதை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“இல்ல!” என்று கத்திவிட்டு, தும்பை மறுபடி தண்ணீரில் நனைத்தாள்.