சோழவந்தான் கொடிக்காலில் பச்சைச் சிறகு தேடிப் போனது

போன மாசிக் கடைசியில் நான் சோழவந்தான் போனதற்கு ஒரே காரணம் கோபம். கல்கத்தாவில் பூச்சிகளை ஆராயும் துரை ஒருவர், தென்னாட்டில் எந்தத் தட்டான் எங்கே வாழ்கிறது என்று படம் வரைந்து வருகிறார். பூச்சி கிடைத்த ஊருக்கெல்லாம் படத்தில் ஒரு புள்ளி. தை மாதம் சோழவந்தான் வாய்க்காலில் பச்சைச் சிறகுள்ள ஊசித்தட்டான் ஒன்று பறந்ததைப் பார்த்து அவருக்கு எழுதினேன். அது மலை ஓடைப் பூச்சி, சமவெளியில் இருக்க நியாயமில்லை, நிறத்தைத் தாங்கள் தவறாகக் கண்டிருக்கலாம் என்று பதில் வந்தது. நான் மதுரையில் சாயப்பட்டறை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்தவன். கிளிப்பச்சைக்கும் பாசிப்பச்சைக்கும் நடுவில் இன்னும் நாலைந்து பச்சை சொல்லுவேன். என்னைப் பார்த்து நிறம் தெரியாதவன் என்றால் பொறுக்குமா? பூச்சியைப் பிடித்து அனுப்பினால் மதுரைக்குப் புள்ளி, எனக்கு மானம். இல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

காலை ஏழு மணிக்கு முன்பே புறப்படும் பாசஞ்சரில் மூன்றாம் வகுப்பு, மூன்றணா. பதின்மூன்று மைல்தான். அதற்குள் நான் நாலு முறை இடம் மாறி உட்கார்ந்து, கடைசியில் கதவருகே நின்றுகொண்டேன். எதிரில் இருந்தவர் வயிற்றுக்கோளாறு என்று நினைத்து ஓமம் கொடுத்தார்.

தட்டான் பார்க்கப் போகிறவர்கள் ரயிலிலிருந்தே தொடங்கலாம். வைகை மணலில் ஆங்காங்கே தேங்கிய குட்டைகளின் மேல் பெரிய தட்டான்கள் வெயிலை மதிக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். உட்கார்ந்தாலும் சிறகை விரித்தே வைத்திருப்பவை இவை. வயல் வரப்புப் புல்லில் ஒல்லியான ஊசித்தட்டான்கள். பெரும்பாலும் சிறகை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். தண்ணீர் இருந்தால் எல்லாத் தட்டானும் இருக்கும் என்று நினைப்பது தவறு. நின்ற நீர் சிலவற்றுக்கு, ஓடும் நீர் சிலவற்றுக்கு, நிழல் விழும் ஓடுநீர் மிகச் சிலவற்றுக்கு. நான் தேடியது கடைசி வகை.

நிலையத்தில் மாட்டுவண்டி பிடித்தேன். கொடிக்கால் வரை இரண்டு மைல், நாலணா.

"கொடிக்காலுக்கா போறீக? நாளைக்கு மடையை அடைக்கிறாகண்ணே" என்றார் வண்டிக்காரர்.

"நாளைக்கா? அடுத்த வாரம் என்றார்களே!"

"அறுப்பு முடிஞ்சிருச்சுல்ல. இனி ஆனியிலதான் பெரியாத்துத் தண்ணி."

மேற்கு மலையைக் குடைந்து வரும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் மலைப்பூச்சி இங்கே இருக்கிறது என்பது என் கட்சி. தண்ணீர் நின்றால் பூச்சியும் போகும். இன்றைக்குப் பிடித்தால் உண்டு. மாட்டை விரட்டச் சொன்னேன். "மாடு கேக்கணும்ல" என்றார் அவர்.

கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். நெருக்கமாக வளர்ந்த அகத்திகளில் கொடி ஏறியிருக்கும். உள்ளே நுழைந்தால் வெயில் தெரியாது, அந்த நிழலின் நடுவே வாய்க்கால் ஓடும். தோட்டத்துக்காரி வீராயி, ஐம்பதைத் தாண்டியவர், என்னை வழியிலேயே மறித்தார்.

"செருப்பை அங்கிட்டு விடு தம்பி. கொடிக்கால்ல செருப்பு ஆகாது. கையில என்ன, வலையா? இதுல அயிரை கூட நிக்காதே."

"மீனுக்கில்லை அக்கா. தட்டானுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுல சொல்லிட்டுத்தான வந்த?"

வெறுங்காலுடன் சேற்று வரப்பில் நின்றேன். நின்றேன் என்பது பொய். இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருந்தேன். அரை மணிக்குள் வந்துவிட்டது அது. வாய்க்காலின் மேல் பச்சையாக ஒரு வீச்சு, அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி வீச்சு, மறுபடி ஒன்றுமில்லை. எங்கே போய் உட்காருகிறது என்றே தெரியவில்லை.

"நீ ஆடுற ஆட்டத்துல கொடியே நடுங்குது. செத்த உக்காரு" என்றார் வீராயி. உட்கார்ந்தேன். ஐந்தாம் முறை வந்தபோது வலையை வீசினேன். விழுந்துவிட்டது!

மருந்து போட்ட புட்டியில் அடைத்து உயிர் போனதும், நான் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன். செத்த தட்டானின் நிறம் மங்கிவிடும் என்று முன்பே பட்டிருக்கிறேன். நூலில் சாயம் நிற்க நாங்கள் படிகாரம் கொடுப்போம். பூச்சிக்கும் கொடுத்தால் என்ன? வீட்டிலிருந்தே கரைத்துக் கொண்டுவந்த படிகாரத் தண்ணீரில் முக்கினேன்.

"செத்ததுக்கு எதுக்குத் தம்பி வைத்தியம்?" என்றார் வீராயி.

வெளியே எடுத்தபோது நாலு சிறகும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, பழுப்பு நிறத்தில் ஒரு குச்சி கிடந்தது. பச்சை எங்கேயும் இல்லை. தண்ணீரைப் பார்த்தேன், அதிலும் சாயம் இறங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த ஒன்றுதான் இருந்தது. பகல் முழுவதும் காத்தும் இன்னொன்று வரவில்லை. கிளம்பும்போது வீராயி ஒரு கவுளி வெற்றிலையைக் கையில் திணித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாலை ரயில் தாமதம். நடைமேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எதைக் கொண்டு கல்கத்தாவுக்கு மறுப்பு எழுதுவது? கை சும்மா இருக்காமல், காய்ந்துபோன அந்தச் சிறகை ஊசியால் நெம்பினேன். பின்சிறகு விரிந்தது. உள்பக்கம் முழுவதும் பச்சை! சாய்ந்த வெயிலில் கண் கூசும் பச்சை.

அப்போதுதான் விளங்கியது. சிறகின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் பழுப்பு. மடித்தால் பழுப்பு மட்டும்தான் தெரியும். கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பூச்சியை நான் காணாததும் இதனால்தான். தோய்த்த துணியில் இருபுறமும் ஒரே நிறம் பார்த்துப் பழகியவனுக்கு இது எப்படித் தோன்றும்? நடைமேடையில் வாய்விட்டுச் சிரித்தேன். ஓமம் கொடுத்தவர் அங்கே இல்லாதது நல்லதாயிற்று.

நீங்கள் போவதானால் மடை திறந்திருக்கும் மாதங்களில் போங்கள். மாசிக் கடைசி வரை இழுத்தடிக்க வேண்டாம். காலைப் பாசஞ்சரை விட்டால் வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள். கொடிக்காலில் கேட்காமல் நுழையாதீர்கள். படிகாரம் வேண்டவே வேண்டாம். காகிதத்தை மடித்து அதற்குள் உலர வைத்தால் போதும்.

சிறகை விரித்தபடியே பூச்சியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினேன், பங்குனியில் பதில் வந்தது. மதுரைக்குப் புள்ளி வைத்தாயிற்று, தங்கள் கண்ணைச் சந்தேகித்ததற்கு வருந்துகிறேன் என்று துரை எழுதியிருந்தார். வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கடைசி வரியை மட்டும் காட்டவில்லை. அந்தச் சிறகில் சாயம் என்று எதுவுமே கிடையாதாம். சிறகின் மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் நமக்குப் பச்சையாகத் தெரிகிறதாம். மூன்று தலைமுறையாக நிறம் விற்றுச் சாப்பிடுகிறோம். அன்று பட்டறையில் பச்சைச் சாயத் தொட்டி முன்னால் நின்றவனுக்கு, நூலை உள்ளே முக்கக் கை வரவில்லை.