சியன்னாவில் தவறிப்போன ஒரு படம்

இத்தாலியில் படமெடுக்க எந்த ஊர் நல்லது என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சியன்னா என்பதுதான் என் பதில். நான் முதலில் அங்கே போனது தொண்ணூற்று நான்காம் ஆண்டு செப்டம்பரில். கட்டணங்களெல்லாம் இப்போது மாறியிருக்கும். வெளிச்சமும் ஏற்றமும் மாறியிருக்காது.

அப்போது லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். அகதிகளுக்குக் கொடுக்கும் நீலநிறப் பயணப் பத்திரம் கைக்கு வந்ததும், இது உண்மையில் வேலை செய்யுமா என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. அதைச் சோதிக்கவே இத்தாலி விசாவுக்கு விண்ணப்பித்தேன் என்று சொன்னால் நம்புங்கள். மூன்று தரம் அலைந்த பிறகு கிடைத்தது.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. போருக்குள் வளர்ந்தது அதற்கு உரம் போட்டது. பன்னிரண்டு பிலிம் ரோல் வாங்கினேன். கழுவும் கடைக்காரர் யாருடைய ரோலையாவது எனக்கு மாற்றித் தந்துவிடுவார் என்று பயந்து, என் பெயரையும் லண்டன் முகவரியையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பன்னிரண்டு துண்டுகளில் எழுதி, ஒவ்வொரு ரோலின் டப்பாவுக்குள்ளும் மடித்து வைத்தேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

விக்டோரியாவில் வெள்ளி காலை ஒன்பது மணிக்குக் கோச். போய்வர நூற்று நான்கு பவுண்ட். கமராப் பையைக் கீழே சாமான் அறையில் போடச் சொன்னார் சாரதி. மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன், இருபத்தெட்டு மணி நேரமும். புளோரன்ஸில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததற்கென்று தனியாகக் காசு போட்டிருந்தார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடித்தேன். அது அந்த நாட்டு வழக்கமாம். நீங்கள் பிடிக்க வேண்டாம்.

புளோரன்ஸிலிருந்து சியன்னாவுக்கு எழுபது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ஊரின் நடுச் சதுக்கம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். காலையில் நானூறு படி ஏறிக் கோபுரத்திலிருந்து எடுங்கள், கூரைகளெல்லாம் ஒரே செம்மண் நிறம். மாலை ஐந்தரைக்குச் சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள சந்துகளுக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிக் கொடி, தனிப் பறை. இளைஞர்கள் கொடியை மேலே எறிந்து பிடித்துப் பழகுவார்கள்.

அப்படி ஒரு கொடி அந்தரத்தில் விரிந்த நொடியில் கமராவை அமத்தினேன். செங்கல் சுவரில் வெயில் சாய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு சமையலறை வாசலில், வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவர் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல படம் என்று கை சொன்னது. ரோலில் அதுதான் முப்பத்தாறாவது. கமரா தானாகச் சுற்றி முடித்தது. ரோலை டப்பாவில் போட்டு ஜாக்கெட் பையில் வைத்தேன்.

ஏப்ரன்காரர் நேரே என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

“தமிழோ?”

“ஓம்.”

“ஊரிலை எவடம்?”

இந்தக் கேள்விக்கு நான் உண்மை சொன்னதே இல்லை. “மட்டக்களப்பு,” என்றேன்.

“மட்டக்களப்பு ஆக்கள் இப்பிடிக் கதைக்க மாட்டினம், தம்பி.”

“நீங்கள் எவடம் அண்ணை?”

“கொழும்பு,” என்றார். அவர் பேச்சில் கொழும்பு மருந்துக்கும் இல்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆர் உம்மைப் படமெடுக்க அனுப்பினது?”

“ஒருத்தரும் இல்லை. கொடியைத்தான் எடுத்தனான்.”

“நான் அதிலை நிக்கிறன். ரோலைத் தாரும்.”

“நீங்கள் ஒரு மூலையிலைதான் அண்ணை. ஆருக்கும் விளங்காது.”

“எனக்கு விசா இல்லை. ஒரு படத்தாலை என்ரை தம்பியைப் பிடிச்சவங்கள். அது ஆற்றை கைக்குப் போகும் எண்டு உமக்கே தெரியாது.”

கெஞ்சுகிறாரா மிரட்டுகிறாரா என்று தெரியவில்லை. பயணப் பத்திரத்தைப் பறிக்க வந்த, ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரனோ என்றும் ஒரு எண்ணம். ஜாக்கெட்டின் மற்றப் பையில் வெறும் ரோல் ஒன்று டப்பாவோடு இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெற்றிக் களிப்போடு பஸ் ஏறினேன்.

லண்டன் திரும்பி டூட்டிங்கில் கழுவக் கொடுத்தேன். பத்து ரோல் படமாக வந்தது, சியன்னா ரோல் வெறுமையாக வந்தது. கடைப் பெண் மாற்றிவிட்டார் என்று கத்தினேன். அவர் டப்பாவையும் என் துண்டையும் எடுத்துக் காட்டினார். அப்போதும் நம்பவில்லை. அந்தப் பக்கமே போகாமல் விட்டேன்.

நவம்பரில் இத்தாலி முத்திரையோடு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே படங்கள். இரண்டு தரம் எண்ணினேன், முப்பத்தைந்து. நெகடிவில் கடைசிக் கட்டம் மட்டும் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. அன்று வெக்கைக்கு ஜாக்கெட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தேன். இடது பை எது, வலது பை எது என்று தடுமாறியிருக்கிறேன். கூடவே ஒரு கடிதம்:

“தம்பி, டப்பாவுக்குள்ளை உம்மடை விலாசம் இருந்தது. என்ரை படத்தை மட்டும் வெட்டி எரிச்சுப்போட்டன், குறை நினைக்க வேண்டாம். மற்றது உம்மடை உழைப்பு. வேற ஆரும் எண்டால் வெறும் ரோலைத் தந்து என்னைப் பேய்க்காட்டியிருப்பினம். நீர் உண்மையானதைத் தந்தீர். இஞ்சை வந்து ஆறு வருசத்திலை நான் நம்பின முதல் ஆள் நீர்தான்.”

பெயர் இல்லை, முகவரி இல்லை. வெட்கத்தில் கடிதத்தை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. டூட்டிங் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்னை நினைவே இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தங்குமிடம் புளோரன்ஸில் எடுத்தால் மலிவு. கடைசி பஸ் நேரத்தைப் போன உடனேயே கேட்டு வையுங்கள். ஆட்களை எடுக்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள்.

அதன் பிறகு இரண்டு தரம் அந்தச் சந்துக்குப் போனேன். வாசலில் வேறு யாரோ நின்றார்கள். இதை எங்காவது அவர் வாசிக்கக்கூடும் என்ற நப்பாசையில்தான் எழுதுகிறேன். அண்ணை, நான் தர நினைத்தது மற்ற ரோலை.