நம்மாள் டாக்டரை வேண்டாமென்ற வைஜயந்தி

மராத்திச் சீமையில் தாபோடி என்ற இடத்து ராணுவ அலுவலகம் ஒன்றில் பதினெட்டு வருஷமாக வைஜயந்திக்கு ஒரே வேலை. புதிதாகச் சேருகிறவர்கள் கொண்டுவரும் சான்றிதழ்களை வாங்கி, அதைக் கொடுத்த இடத்துக்கே எழுதிப்போட்டு, அசல்தானா என்று பதில் வாங்கி ஃபைலில் வைக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பெரிய அதிகாரி ஒருவரின் சிபாரிசோடு வந்த ஆளையே, 'பதில் வரட்டும் சார்' என்று நாலு மாதம் காத்திருக்க வைத்தவள். அதே வைஜயந்தி அலுவலக வாசலைத் தாண்டிவிட்டால் வேறு ஆள். காய்கறி விற்கும் பாஜிக்காரன் அழுகின எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டாலும், ஏனப்பா என்று கேட்க வாய் வராது.

அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். அவர்கள் பிறந்து ஒன்பது வருஷம் ஆகியும் வயிற்றின் நடுத்தசை இரண்டாக விலகியது விலகியபடியே நின்றுவிட்டது. ஊர் அதைத் தொப்பை என்றது. சோற்றைக் குறைத்தாள், விடிகாலையில் நடந்தாள், எட்டுக் கிலோ இறங்கியது. வயிறு மட்டும் இறங்கவில்லை. படுக்கையிலிருந்து நேராக எழ முடியாது, பக்கவாட்டில் உருண்டு கையை ஊன்றித்தான் எழ வேண்டும். காலை பதினொரு மணிக்கெல்லாம் இடுப்பு கழன்று விழுவது போல வலிக்கும். பஸ்ஸில் யாராவது ஒரு புண்ணியவதி 'எத்தனையாவது மாசம்?' என்று மராத்தியில் கேட்டு இடம் கொடுப்பாள். நாற்பத்து மூன்று வயதில் அந்த இடத்தில் உட்காருவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் குடியிருந்த பிம்ப்ரி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு, கேம்ப் என்கிற கடைத்தெருப் பகுதியில் ஒரு டாக்டர் உண்டு. மாதவ் என்று பெயர், மதுரைக்காரர். தமிழ் முகத்தைப் பார்த்துவிட்டால் வரிசை கிடையாது, வாங்க உக்காருங்க என்பார். வைஜயந்தியின் கணவர் சின்னதுரை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். ரெண்டு வருஷமாகச் சொறிந்துகொண்டிருந்தவருக்கு ஒரே களிம்பில் குணமாக்கியதும் இவர்தான். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. வலியைத் தாய்மொழியில் சொல்வது எவ்வளவு பெரிய நிம்மதி! குத்துது, இழுக்குது, சுருக்குனு இருக்கு, கடுகடுங்குது, எல்லாவற்றுக்கும் இந்தியில் வைஜயந்திக்குத் தெரிந்தது 'தர்த்' ஒன்றுதான். மாதவிடம் அரை மணி நேரம் வயிற்றைப் பற்றித் தமிழில் பேசிவிட்டு வெளியே வந்தபோதே பாதி குணமான மாதிரி இருந்தது அவளுக்கு.

சின்ன வேலைதான் என்றார் அவர். அவருடைய கிளினிக்கிலேயே, காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். விலகின தசையை இழுத்துத் தைத்து, தொங்குகிற தோலை எடுத்துவிடலாம். வாசல் போர்டிலும் காஸ்மெட்டிக் சர்ஜன் என்றுதானே போட்டிருக்கிறது? கூடப் போயிருந்த சின்னதுரை அங்கேயே சரி என்றார். மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை குறித்தாயிற்று.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு ஃபைல். வெல்டர் வேலைக்கு வந்த ஆள், எலக்ட்ரீஷியன் படித்திருந்தான். சான்றிதழில் ஒரு குற்றமும் இல்லை, பயிற்சி நிலையமும் அசல்தான் என்று எழுதியிருந்தது. வழக்கம்போல வைஜயந்தி குறிப்பு எழுதினாள்: 'சான்றிதழ் உண்மையானது. இந்தப் பணிக்கு உரியதன்று.' எழுதியவள் பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டு வேளையில் ஃபோனை எடுத்து, மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் மாதவின் பெயரைத் தேடினாள். எம்பிபிஎஸ் இருந்தது. தோல் மருத்துவத்தில் ஒரு டிப்ளமா இருந்தது. அவ்வளவுதான். அறுவை சிகிச்சை என்ற சொல்லே இல்லை. இந்த வேலைக்குப் பொது அறுவை சிகிச்சை படித்து முடித்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரி என்று தனியாகப் படித்துத் தேற வேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். பயம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது வெட்கம். ஊரான் சான்றிதழை எல்லாம் துருவிப் பார்த்தவள், சொந்த வயிற்றை ஒரு கேள்வி கேட்காமல் நீட்டியிருக்கிறாள்.

சின்னதுரை எகிறினார். "வாக்குக் குடுத்தாச்சு. நம்மாளுகிட்டயே போயி சர்டிஃபிகேட் கேப்பியா? நாளைக்கு நான் யாரு மூஞ்சியில முழிக்க?"

சனிக்கிழமை வைஜயந்தி தனியாகக் கேம்ப்புக்கு ஆட்டோ ஏறினாள். ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஒரு பொய்க் காரணம் சொல்லி நழுவியும் இருக்கலாம். நாமெல்லாம் அதைத்தான் செய்திருப்போம். அவள் நேரே போய் உட்கார்ந்து சொன்னாள்: "நீங்க நல்ல டாக்டரு. எங்க வீட்டுக்காரருக்கு ஒங்களாலதான் கொணமாச்சு. ஆனா இந்த ஆபரேஷனுக்கு நீங்க படிக்கல. நான் வேற எடம் பாத்துக்கிடுதேன்."

மாதவின் முகம் செத்துப்போயிற்று. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். வைஜயந்தி எழுந்துபோய் வரிவரியாகப் படித்தாள். இரண்டு வாரப் பயிற்சியில் கலந்துகொண்டார் என்று இருந்தது. தேறினார் என்று எங்கேயும் இல்லை. தமிழனுக்குத் தமிழனே குழி பறிக்கிறான் என்று அவர் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வருஷ நவராத்திரிக்கு டாக்டரின் அம்மா எல்லா வீட்டுக்கும் போய் அழைத்தார், இவள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வைஜயந்தி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்துவிட்டுத் தேடலைத் தொடர்ந்தாள்.

மூன்று பேரைப் பார்த்தாள். மூன்று பேர் படிப்பையும் பதிவேட்டில் பார்த்த பிறகே வாசலை மிதித்தாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: இதில் என்னவெல்லாம் தப்பாகப் போகும்? ஒருத்தர் சிரித்து மழுப்பினார். இன்னொருத்தர், கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார். மூன்றாவது, டாக்டர் தேவ்தர் என்ற மராத்தி அம்மாள். சிரிப்பென்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். வைஜயந்தியைப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கச் சொல்லி, இடைவெளியில் விரலை வைத்து அளந்தார். நாலு விரல் போயிற்று. தொப்புளில் குடல் வேறு எட்டிப் பார்க்கிறது, யாரும் சொல்லவில்லையா என்று அதட்டினார். நீர் கோக்கலாம், தையல் பிரியலாம், காலில் ரத்தம் கட்டலாம், இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை தழும்பு நிற்கும் என்றார். தம் கையாலேயே செய்து தையல் பிரிந்துபோன ஒரு வயிற்றின் படத்தைக் காட்டி, அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதையும் சொன்னார். கடைசியில், இப்போது செய்யமாட்டேன், மூன்று மாதம் பிசியோதெரபி செய்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். இவ்வளவு பயமுறுத்திய பிறகும் வைஜயந்திக்கு மனசு லேசாகிவிட்டது. சின்னதுரைக்கு அது கடைசிவரை விளங்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரை முந்தின நாளே பார்த்துப் பேசினாள். முதல் வாரம் வயிற்றிலிருந்து இரண்டு குழாய், கூன் விழுந்த நடை, தும்மல் வந்தால் உயிர் போகும். எந்தப் புண்ணியவான் இதைச் சின்ன வேலை என்றான் என்று சின்னதுரையே வாய்விட்டுச் சொன்னார். ஐந்தாவது மாதம் ஒரு காலையில் கையை ஊன்றாமல் நேராக எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்து காட்டினாள்.

ஒன்றரை வருஷம் ஓடியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. பேசியவர் மாதவ். நலம் விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார், விஷயத்துக்கு வரவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். மனைவி ஸ்ரீரஞ்சனிக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வைஜயந்திக்கு இருந்த அதே தொந்தரவாம். "அக்கா, நீங்க போனீங்களே அந்த டாக்டர், அவங்க நம்பர் வேணும்."

வைஜயந்தி சுவரில் சாய்ந்துகொண்டாள். சொல்லிக்காட்ட எத்தனையோ இருந்தது. வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்களா? அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"ஸ்ரீரஞ்சனிக்கு நம்பர் தாரேன், டாக்டர். இதே வேலைக்கு ஒங்ககிட்ட வாறவங்களுக்கும் இந்த நம்பரையே குடுப்பீங்களா?"

லைன் போய்விட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"குடுக்குறேன்க்கா," என்றார் மாதவ்.

வைஜயந்தி ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள்.