செங்கல்லுக்கு அடியில் ஐந்து முட்டைகள்

கணவர் இறந்த பிறகு ஊரப்பாக்கம் வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். போன சித்திரையில் கொல்லைப்புறக் குழாய் ஒழுகியதால் பிளம்பரை வரச் சொன்னேன். அவர் சுவரோரம் கிடந்த செங்கல் ஒன்றைப் புரட்டியதும் பழுப்பு நிற அரணை ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. அடியில், மண்ணில் ஐந்து வெள்ளை முட்டைகள் இருந்தன.

"அரணை முட்டக்கா. எடுத்துப் போட்டுடவா?"

"வேணாம்ப்பா. பைப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?"

"இன்னாக்கா, இதுக்குப் போயி?" என்று சிரித்தார். ஆனாலும் தள்ளித்தான் போட்டார். செங்கல்லையும் பழையபடி மெதுவாக வைத்தார்.

அதன் பிறகு தினமும் காலையில் காபியோடு அங்கே போய் நின்றேன். வெயில் ஏறியதும் அரணை செங்கல் மேல் வந்து படுக்கும். என் நிழல் பட்டால் ஓடிவிடும். முட்டைக்குக் காவல் இருந்ததா, சும்மா வெயில் காய்ந்ததா, தெரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துச் செங்கல்லைத் தூக்கிப் பார்த்தேன். கிழிந்த முட்டைத் தோல்கள் மட்டும் கிடந்தன. அரணையும் அப்புறம் வரவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. விஷயம் தெரிந்தவர் பிளம்பர் ஒருவர்தான். அவருக்குப் போன் செய்தேன்.

"குஞ்சு பொரிச்சிடுச்சுப்பா."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. "அதுவாக்கா," என்றார் பிறகு. "பைப்பு ஒழுவுதா?"

"இல்லப்பா" என்றேன். அவருக்குப் பின்னால் சுவரைத் துளைக்கும் சத்தம் கேட்டது. வேலையில் இருக்கிறார் என்று போனை வைத்துவிட்டேன்.