வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை

நாட்களைக் குறித்து வைப்பது என் பழக்கம். எங்கள் திருமணம் ஆடி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. எல்லா நாளும் ஆண்டவருடையதே என்று நானும் மனைவியும் நம்பினோம். மண்டபமும் காலியாக இருந்தது. அடுத்த மாசியில் எங்கள் முதல் கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது, "ஆடியில கட்டுனா இப்படித்தான்" என்று சொன்னவர்கள் எங்கள் சபையாரே. மனைவி அன்று பதில் சொல்லவில்லை. பிறகும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானாள். குழந்தை தலை மேலாகத் திரும்பியிருந்ததால் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. முதலில் பதிந்ததால் கிடைத்த நேரம், அவ்வளவுதான். ஆனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்காரர், கீழே குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார்.

"ரொம்ப நல்ல வேளை. நீங்க பாக்காட்டா என்ன, பெருமாள் பார்த்துக் குடுத்திருக்கார்."

நாங்கள் சிரித்தோம். சிரித்தபோது எனக்குள் ஏதோ இலேசானது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

வியாழன் மாலை ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். நாள் முழுக்க மழை. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. விளக்குகள் எரியத் தொடங்கியதும் உச்சி மட்டும், பாறையில்லாமல், வானத்தில் மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஈரக் குடையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஜீயபுரத்தில் வாழை போடுகிறவர். அவர் மகளுக்கும் மறுநாள்தான் ஆபரேஷன், பதினொரு மணிக்கு.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பத்தரையிலேருந்து பன்னெண்டு ராகு காலம். நீங்க வேதக்காரங்க, இதெல்லாம் பாக்க மாட்டீங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. மாத்திக்கிட்டா டாக்டருக்குச் சம்மதமாம்."

மாற்றிக்கொண்டால் அவருடைய நம்பிக்கைக்கு நாமே துணைபோவதாகாதா என்று ஒரு வாதத்தைத் தேடிப் பிடித்தேன். அது வெறும் வாதம். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது.

"குடுத்துடுங்க" என்றாள் மனைவி, படுக்கையிலிருந்து.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனபின், "உனக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. அந்த மாசியிலேருந்தே இருக்கு." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அவருக்கும் பயம். பயமே இல்லைன்னு சொல்லிட்டுத் திரியறது நாமதானே" என்றாள்.

மறுநாள் ஒன்பதே காலுக்கு அவருக்குப் பேரன் பிறந்தான். பதினொரு மணிக்கு என் மனைவியை உள்ளே கொண்டுபோனார்கள். பேரனைப் பார்த்துவிட்டு வந்தவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போய் சாப்பிடுங்க ஐயா."

"எம்பொண்ணு நேரத்த நீங்க வாங்கிக்கிட்டீங்க. அது முடியாம எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

மழைநாளின் வெளிச்சம் வராந்தாவில் தண்ணீர்போலத் தேங்கியிருந்தது. நர்ஸுகள் அதில் சத்தமில்லாமல் நடந்துபோனார்கள். ஜெபிக்க முயன்றேன், கண்ணை மூடினாலும் சுவர்க் கடிகாரம்தான் தெரிந்தது. நான் விட்டுவிட்டதாக நினைத்த ராகு காலம், தாய்மொழியைப் போல எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. கடைசியில், "ஆண்டவரே, இந்த மணியும் உம்முடையதுதானே" என்றேன். கேள்வியாகத்தான் வந்தது. பக்கத்தில் அவர் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. எந்தச் சாமியிடம் என்று நான் கேட்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. அவர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் இருபது நிமிஷம் பொறுத்திருக்கலாம் உங்க புள்ள" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

பெண் குழந்தை. மதியம் மனைவியை அறைக்குக் கொண்டுவந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "இவ பொறந்தப்ப மணி என்ன?"

பன்னிரண்டு ஐந்து என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் தோன்றியது. "பதினொன்னு நாப்பது" என்றேன்.

"அப்ப ராகு காலத்துலயேதான்."

குழந்தையின் தலைமேல் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் மழையைப் பார்த்திருந்தாள். பிறகு, எங்கள் முதல் குழந்தையைப் பற்றி மெல்லப் பேச ஆரம்பித்தாள்.