அம்மா தேய்ச்ச கடைசிக் கதவு

அம்மாவோட பதினாறு கழிஞ்ச மறுநாளே நான் பட்டறைக்குப் போயிட்டேன். வீட்ல இருந்தா அம்மா சேலையத்தான் பாத்துட்டு இருக்கணும். பட்டறைன்னா சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டாய், அலமாரி கட்டில் எல்லாம் செய்வாங்க. எனக்கும் அம்மாவுக்கும் அங்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. எட்டாவதோட பள்ளிக்கூடத்த விட்டுட்டு அவகூட வந்து சேந்தவ நான்.

பிளைவுட் மேல தேக்குத் தோல் ஒட்டியே வரும், வெனீர்ம்பாங்க. அப்பளத்த விட மெல்லிசு. ரேகை போற பக்கமாத்தான் தேய்க்கணும், அழுத்தக் கூடாது. அழுத்தினா தோல் போயி அடியில இருக்குற பசை வெளிய வந்துரும். ஆனா காஞ்ச பலகையில அது தெரியாது. ஸ்டெயின் போட்டாத்தான் தெரியும். மத்த எடம் காப்பி நிறத்துக்கு வரும், அது மட்டும் தேமல் மாதிரி வெளுத்து நிக்கும்.

இத்தன வருஷத்துல அம்மா ஒரு தடவகூட தோல் எடுத்ததில்ல. தேய்ச்சு முடிச்சதும் ஈரத்துணியால ஒரு தொடை தொடைப்பா. நனைஞ்சா பசை இருக்குற எடம் காட்டிக் குடுத்துரும். சுத்தமா இருந்தா கதவோட மேல் விளிம்புல பென்சிலால ஒரு பெருக்கல் குறி போடுவா. அவளுக்கு எழுதத் தெரியாது, அதான் அவ கையெழுத்து. அந்தக் குறி இருந்தா பாலிஷ் போடுற மலையாளத்துச் சேட்டன் பலகைய ஏறெடுத்துக்கூடப் பாக்க மாட்டார், நேரா ஸ்டெயினக் கலக்குவார்.

நான் போன அன்னைக்கு அந்தப் பெரிய அலமாரிக்கு மூணு கதவு ரெடி. நாலாவது மட்டும் செவத்துல சாஞ்சு நின்னுச்சு. அம்மா கடைசியாத் தேய்ச்சது. "நீயே போடு மோளே"ன்னார் சேட்டன். பனியன் துணிய ஸ்டெயின்ல நனைச்சு மேல இருந்து கீழ இழுத்தேன். நட்டநடுவுல, உள்ளங்கை அளவுக்கு, வெளுப்பு.

துணியத் திருப்பி இன்னொரு தடவ தேய்ச்சேன். நிறம் ஏறவே இல்ல.

சேட்டன் வந்து பின்னால நின்னார். "எந்தா இது? யாரு தேய்ச்சது?"

"நாந்தான் சேட்டா."

"நீயோ? நீ எடுத்தா ஓரத்துலயாக்கும் எடுப்ப. போன மாசம் மட்டும் எத்தன ஓரம் நான் சரிபண்ணேன்! நடுவுல எடுக்க உனக்கு சக்தி எவிடே?"

எனக்கு சிரிப்பு வரல. அம்மா தேய்ச்சதுன்னு சொன்னா அவ பேரு போயிரும், அது மட்டுந்தான் மனசுல ஓடிச்சு. இங்க புதுசா யாரு வந்தாலும் "அந்த அக்கா மாதிரி தேய்ங்க"ன்னுதான் சொல்லுவாங்க. வேற எதையும் அவ விட்டுட்டுப் போகல.

"நாந்தான்னு சொல்றேன்ல!"ன்னு கத்திட்டேன். கத்துனதும் அழுகையும் வந்துருச்சு. அப்புறம் எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அவ போன அன்னைக்கு, சோத்து நேரத்துக்கு முன்னால அம்மா சொன்னா, "இடது கை மரத்துப் போகுதுடி." நான் என் பலகையில இருந்து தலையத் தூக்கவே இல்ல. "இந்தக் கதவ முடிச்சிட்டு உக்காரும்மா, ஆர்டர் குடுத்தவங்க பாக்க வந்துருவாங்க"ன்னேன். அவ வலது கைய மட்டும் வச்சு, ஒடம்பச் சாச்சுத் தேய்ச்சிருக்கா. அந்த எடந்தான் அது. கொஞ்ச நேரத்துல தரையில உக்காந்தா. ஆட்டோ புடிச்சு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனோம். சாயங்காலம் ஆள் இல்ல.

சேட்டன் கதவோட மேல் விளிம்ப வெளிச்சத்துப் பக்கம் சாச்சுப் பாத்தார். என்னையும் பாக்கச் சொன்னார். அம்மாவ அவர் சேச்சின்னுதான் கூப்புடுவார்.

"சேச்சியோட குறி இல்லல்லோ."

இல்ல. ஈரத்துணி போட்டிருக்கவே மாட்டா. அதுக்குள்ள உக்காந்துட்டா.

"குறி போடலன்னா சேச்சி வேலை முடிக்கல. முடிக்காத வேலைக்கு யாரு குத்தம் சொல்லும்? பாக்காம ஸ்டெயின் போட்டது நீ. பாக்காம போடச் சொன்னது ஞான். கேட்டியா?"

முதலாளி டீ குடிச்சிட்டு வந்து எட்டிப் பாத்தார். "என்னப்பா, புள்ளி?"

"எங்க ரெண்டு பேரோட மடத்தனம்"னார் சேட்டன். "நாங்களே சரியாக்கித் தர்றோம்."

மேல ஒரு கோட் சீலர் வார்னிஷ் அடிச்சுக் காய வச்சுட்டு, மெல்லிசு பிரஷ்ஷக் கலர்ல தொட்டு என் கையில குடுத்தார். பக்கத்து ரேகையப் பாத்துப் பாத்து வெளுப்பு மேல ஒவ்வொரு கோடா இழுத்தேன். கோடு கோணுனா "மூச்சு விடு, பரீட்சை ஒண்ணும் இல்ல"ம்பார். மத்தியானம் முழுக்க ஆச்சு. தெரியாதவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

லாரியில ஏத்துறதுக்கு முன்னால பென்சில நீட்டினார். "நீ போடு, சேச்சிக்கு வேண்டி."

வாங்குனேன். மேல் விளிம்பு வரைக்கும் கைய கொண்டு போயிட்டேன். அப்புறம் போடல. முடிக்காத வேலைக்கு அவ போட்டிருக்க மாட்டா.

விழிஞ்ஞம் போற வழியில ஒரு பிளாட்டுல அந்த அலமாரி நிக்குது. மூணு கதவு அம்மாவோடது. நாலாவதுல பாதி அவ, பாதி நான்.