துரைக்கு வைத்த நண்டுக் குழம்பு

உடுவிலில் எங்கள் வீட்டுக் கூரையை ஷெல் குண்டு கொண்டுபோன வருசம் நாங்கள் பேய் வீட்டுக்குக் குடி போனோம். முந்தி ஒரு வெள்ளைக்காரத் துரை தேவாலயம் மாதிரிக் கட்டிய வீடு அது. மூலையில் ஒரு கூர்க் கோபுரம். ஜன்னல்களெல்லாம் கும்பிட்ட கை மாதிரி மேலே கூர்ந்திருக்கும். துரை அங்கேயே செத்து, அங்கேயே சப்பாத்துக் காலோடு டக் டக்கென்று நடந்து திரிகிறார் என்று ஊர் முழுக்கக் கதை. பிறகு அதை வாங்கியவரும் வெளிநாடு போகும்போது கதவுத் திறப்பை என் மனுசனிடம் கொடுத்து, எங்களை இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அந்த வீடு பிடித்துப்போனது. பேய் தன்பாட்டில் இருக்கட்டும். அடுக்களை பெரிது, புகை நேரே மேலே போகும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான். ஆனால் என் கறித்தூளுக்கு முன்னால் நிற்க அந்தப் பக்கத்தில் ஆளில்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

மனுசனுக்குத்தான் பயம். மேலே டக்கென்று ஒரு சத்தம் கேட்டால் தேவாரம் தொடங்கிவிடுவார்.

"அது மரநாயப்பா," என்பேன்.

"மரநாய் சப்பாத்துப் போடுமே?" என்பார்.

கடைசியில், நெல்லியடியில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்குப் போவோம் என்று பிடிவாதமாக நின்றார். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அந்த மச்சாளின் அடுக்களையில், அவள் எடுத்துத் தரும் மிளகாயில், அவள் சொல்லும் பதத்தில் நான் சமைப்பதா? என் கையால் முதல் முதல் சாப்பிட்ட அன்றே, "மச்சாளின்ரை கறியிலை உறைப்பைத் தவிர வேறை ஒண்டும் இல்லை" என்று சொன்னவள் அவள்.

சண்டை பிடித்துப் பிடித்து மனுசன் ஒரு வழிக்கு வந்தார். "துரைக்கு ஒருக்காப் படைச்சுப் பாப்பம். தொட்டாரெண்டால் இருக்கச் சொல்லுறார். தொடேல்லையெண்டால் நெல்லியடிதான்."

படைக்கிற அன்று எங்களைக் கூட்டிப்போக மச்சாளும் பஸ் பிடித்து வந்து இறங்கினாள். "வீட்டிலை ஏற்கெனவே மூண்டு குடும்பம் வந்து இருக்குதுகள். கிணத்தடிக்கும் வரிசைதான். அதுக்கென்ன, நீங்களும் வாங்கோ அண்ணை," என்று சிரித்தாள். பிறகு என் சட்டியை எட்டிப் பார்த்தாள். "நண்டே? வெள்ளைக்காரன் உந்தக் கறியைத் தின்னுவானோ மச்சாள்? பாணும் பட்டரும் எல்லோ வைக்கவேணும்?"

"பட்டருக்கு எங்கை போறது? சவர்க்காரமே இல்லாமல் பனம்பழத்தாலை உடுப்புத் தோய்க்கிறம்."

"உறைப்புத் தாங்கமாட்டான், பாவம்."

"செத்து இவ்வளவு காலமாய் யாழ்ப்பாணத்திலை கிடக்கிறார். இன்னும் பழகேல்லையெண்டால் அது அவரின்ரை பிழை," என்றேன்.

உச்சிப் பொழுதில் முன் மண்டபத்தில் வாழையிலை போட்டு, சோறும் நண்டுக் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் வைத்து, பக்கத்தில் ஒரு சுருட்டும் வைத்தோம். செத்தவர்களுக்குப் படைத்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நிற்க வேண்டும். அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது. நாங்களும் மாமரத்தின் கீழே வீட்டுக்கு முதுகு காட்டி நின்றோம்.

"காலெல்லாம் புழுதி. கிணத்தடியிலை கழுவிப்போட்டு வாறன்," என்று மச்சாள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அடுக்களைக் கதவும் அந்தப் பக்கம்தான். நான் அதை நினைக்கவில்லை. என் அடுக்களை எனக்கு நிற்குமா, போகுமா என்பதே என் நினைப்பு.

மனுசன் தேவாரம் முடித்து, செருமி, கதவைத் திறந்தார்.

இலை பாதியாக மடித்திருந்தது. விரித்துப் பார்த்தால் ஒரு சோற்றுப் பருக்கை இல்லை. நண்டுக் கால்களைக்கூடக் கடித்து உறிஞ்சி, கோதுகளை ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தது. சுருட்டு மட்டும் வைத்தபடி கிடந்தது.

"இஞ்சை பாரும், துரை இலை மடிச்சிருக்கிறார்!" மனுசன் இலையைக் கும்பிட்டார். "எங்கடை ஆளாய்ப் போனாரப்பா!"

வெள்ளைக்காரனுக்கு இலை மடிக்க ஆர் பழக்கியது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மச்சாள் வந்தாள். கண் சிவந்து, மூக்கால் ஓடிக்கொண்டிருந்தது. "ஸ்ஸ்... துரை சாப்பிட்டிட்டாரோ அண்ணை? அப்ப நீங்கள் வரமாட்டியள்," என்று கண்ணைத் துடைத்தாள்.

"அழாதை பிள்ளை. நாங்கள் இடைக்கிடை வருவம்தானே," என்று மனுசன் அவளின் தலையைத் தடவினார்.

நான் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அப்போதுதான் அவளின் காலைப் பார்த்தேன். கழுவப் போன காலில் புழுதி அப்படியே இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கியது. கிணற்றடிக்கே வரிசை நிற்கும் வீட்டில், வாயால் வாங்கோ என்றவளுக்கு, நாங்கள் வராமல் இருக்க வேண்டும் என்று என்னைவிட ஆசை.

இதை மனுசனிடம் எதற்குச் சொல்ல? வெறுமனே கிள்ளி வைத்திருந்தாலே துரை தொட்டதாகிவிடும். நண்டுக் காலை உறிஞ்சச் சொல்லி அவளை ஆர் கேட்டது?

அவள் போக வெளிக்கிட்டபோது, "மச்சாள், அந்தக் கறித்தூளிலை ஒரு சுண்டு தாறியளோ? வீட்டிலை இவருக்கு உறைப்பெண்டால் விருப்பம்," என்றாள்.

இரண்டு சுண்டு கட்டிக் கொடுத்தேன். "பாத்துப் போடுங்கோ மச்சாள். துரைமாருக்கே கண்ணாலை மூக்காலை ஓடுற தூள்," என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

சுருட்டை அன்று பின்னேரம் மனுசன் பற்ற வைத்தார். துரை தனக்கென்று விட்டுவைத்ததாம். மேலே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. "ஓம் ஐயா, நாங்கள்தான்," என்று கோபுரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, புகையை இழுத்துக்கொண்டு சாய்ந்து இருந்தார். நான் இராச்சாப்பாட்டுக்கு என் அடுக்களையில் அடுப்பு மூட்டினேன்.